சுவருக்கு எந்தப் பக்கம்? மருத்துவமனைக்கான டேக் அமைப்புகள்: ஓர் ஒப்பீடு

இரவு இரண்டு மணிக்கு அவசரப் பிரிவிலிருந்து ஐ.சி.யு.வுக்கு மாற்றப்படும் ஒரு நோயாளிக்கு மருந்தை அளவாக நரம்பில் ஏற்றும் இன்ஃபியூஷன் பம்புகள் மூன்று அல்லது நான்கு ஒரே நேரத்தில் தேவைப்படலாம். சென்னையில் நான் மருத்துவக் கருவிப் பிரிவில் பணிபுரியும் தனியார் மருத்துவமனையில் 260 படுக்கைகளுக்கு 140 பம்புகள் இருப்பதாகப் பதிவேடு சொல்கிறது. ஆயினும் அந்த நேரத்தில் வார்டு பாய் ஒருவர் தளம் தளமாக ஏறி இறங்கித்தான் அவற்றைச் சேகரித்து வர வேண்டியிருக்கிறது. கேட்கும்போது கிடைக்காது என்பதை அனுபவத்தில் அறிந்த வார்டு சிஸ்டர்கள், வேலை முடிந்த பம்பைத் திருப்பி அனுப்பாமல் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். அதனாலேயே பக்கத்து வார்டுக்குப் பம்ப் கிடைப்பதில்லை. பிறகு பக்கத்து வார்டும் பூட்டத் தொடங்குகிறது. ஆண்டிறுதியில் இன்னும் இருபது பம்புகள் வாங்க வேண்டும் என்ற கோரிக்கை என் மேசைக்கு வந்து சேர்கிறது.

கருவிகளிலும், தேவைப்பட்டால் ஆட்களிடமும் டேக் என்ற சிறு அடையாள வில்லையைப் பொருத்தி, அவை இருக்கும் இடத்தைத் திரையில் காட்டும் அமைப்பு ஒன்றை நிறுவலாமா என்று நிர்வாகம் கேட்டபோது, ஐந்து வகை அமைப்புகளைப் பார்வையிட்டு, அவற்றில் மூன்றை எங்கள் கட்டடத்திலேயே தற்காலிகமாகப் பொருத்திச் சோதித்தோம். விற்பனையாளர்கள் அனைவரும் துல்லியம் எத்தனை மீட்டர் என்ற ஒற்றை எண்ணையே முன்வைத்தார்கள். மருத்துவமனையைப் பொறுத்தவரை அந்த எண் ஏறக்குறையப் பயனற்றது என்பதே என் கருத்து. பம்ப் 312ஆம் அறையில் இருக்கிறதா, 313ஆம் அறையில் இருக்கிறதா என்பது மட்டும் தெரிந்தால் போதும். அறைக்குள் எந்த மூலையில் இருக்கிறது என்பதை உள்ளே நுழைபவரின் கண்ணே சொல்லிவிடும். ஆனால் பிழை ஒன்றரை மீட்டர்தான் என்றாலும், அந்த ஒன்றரை மீட்டரின் நடுவே ஒரு சுவர் நின்றால், நாம் தூங்கிக்கொண்டிருக்கும் வேறொரு நோயாளியின் கதவைத் திறந்துகொண்டு நிற்போம். ஆகவே ஒவ்வொரு அமைப்பையும் அது சுவரை எப்படி நடத்துகிறது என்ற அளவுகோலால்தான் எடைபோட்டேன்.

டேக் இருக்கும் இடத்தை அறிய இந்த அமைப்புகளில் பெரும்பாலானவை அகச்சிவப்பையோ வானலை எனப்படும் ரேடியோ அலையையோ நம்புகின்றன. அகச்சிவப்பு என்பது கண்ணுக்குத் தெரியாத ஒளி. கூடத்தில் இருக்கும் தொலைக்காட்சியைப் படுக்கையறையிலிருந்து ரிமோட்டால் இயக்க முடியாததற்கு எது காரணமோ, அதுவே இங்கே நமக்கு உதவுகிறது: ஒளி சுவரைத் தாண்டாது, ஆனால் அறைக்குள் கூரையிலும் சுவரிலும் பட்டுச் சிதறி எல்லா மூலைகளுக்கும் ஓரளவு போய்ச் சேரும். வானலையோ சுவரைத் தாண்டிச் செல்லும். அதுவே அதன் பலம், அதுவே அதன் பலவீனம். கண் பார்ப்பதும் காது கேட்பதும் போல என்று வைத்துக்கொள்ளலாம். பக்கத்து அறையில் குழந்தை அழுவது காதுக்குக் கேட்கும், எந்த அறை என்று உறுதியாகச் சொல்ல முடியாது. கண்ணுக்குப் பட்டால் அது இந்த அறைதான்.

இது புதிய சிந்தனையன்று. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஒலிவெட்டி ஆய்வுக்கூடத்தில் 1989க்கும் 1992க்கும் இடையே உருவான ‘ஆக்டிவ் பேட்ஜ்’ என்ற சட்டை வில்லை, 15 வினாடிக்கு ஒருமுறை தன் அடையாள எண்ணை அகச்சிவப்பில் அனுப்பியது. அறைதோறும் பொருத்தப்பட்ட வாங்கிகள் (ரிசீவர்கள்) அதைப் பிடித்து, யார் எந்த அறையில் இருக்கிறார்கள் என்று கணினிக்குத் தெரிவித்தன. வரவேற்பறையில் இருப்பவர், வந்த தொலைபேசி அழைப்பை அந்த நபருக்கு அருகிலிருக்கும் கருவிக்கு மாற்றிக்கொடுக்க அது உதவியது. செல்பேசி எல்லார் கையிலும் வராத காலத்தில் அது பெரிய வசதி. மருத்துவமனைகளில் இன்று விற்கப்படும் அமைப்புகள் பலவும் அந்தக் குடும்பத்தின் பேரப்பிள்ளைகளே.

முதலில் வானலையை மட்டும் நம்பும் அமைப்புகளைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் விலைப்பட்டியலில் இவையே கண்ணைக் கவரும். புளூடூத் டேக்குகள் மலிவானவை, யாரிடமிருந்தும் வாங்கலாம், ஏற்கெனவே உள்ள வைஃபை கருவிகளில் சில அவற்றின் குரலைக் கேட்கவும் வல்லவை. டேக் அனுப்பும் அலையின் வலிமையை மூன்று நான்கு இடங்களில் அளந்து, எங்கே வலுவாகக் கேட்கிறதோ அதற்கு அருகில் டேக் இருப்பதாகக் கணிப்பதே இதன் வழி. வெட்டவெளியில் தொலைவு இரட்டிப்பானால் வலிமை நான்கில் ஒரு பங்காகக் குறையும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. வார்டு என்பது வெட்டவெளியன்று. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மனித உடலில் உள்ள நீர் நன்றாக உறிஞ்சிக்கொள்கிறது. ஸ்டீல் கட்டிலும் மருந்து ட்ராலியும் அதைத் திருப்பி எறிகின்றன. கழுத்தில் டேக் அணிந்த ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாலே, அவர் இரண்டு அறை தள்ளிப் போய்விட்டதாகத் திரை சொல்லக்கூடும்.

எங்கள் புதிய கட்டடத்தில் அறைகளுக்கு இடையே இருப்பவை ஜிப்சம் பலகைத் தடுப்புகள். வானலைக்கு அவை இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான். சோதனையின்போது தடுப்புக்கு ஓர் அடி தள்ளி நிறுத்தி வைத்த பம்ப், யாரும் தொடாமலேயே, ஒரு மணி நேரத்துக்குள் பலமுறை இரண்டு அறைகளுக்கும் இடையே தாவிக்கொண்டிருந்தது. மதில் மேல் பூனை என்பதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. அறைக்கு ஒரு வாங்கியைப் பொருத்தினால் இது குறையும் என்றார் விற்பனையாளர். குறைந்தது, நிற்கவில்லை, அறைக்கு ஒன்று என்று கணக்கிட்டபோது மலிவு என்ற சாதகமும் போய்விட்டது. 2019இல் வந்த புளூடூத் 5.1 அலை வரும் திசையையே அளக்க வழிசெய்கிறது. அது உண்மையான முன்னேற்றம்தான் என்றாலும், அதற்குரிய ஆண்டெனாத் தொகுதிகளைக் கூரையில் மின்சாரத்தோடும் கேபிளோடும் பொருத்த வேண்டும். தளம் மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்களுக்குச் சாதாரணப் புளூடூத் தாராளமாகப் போதும். வீல் சேர்களுக்கு அவ்வளவே தேவை என்று நான் நினைக்கிறேன்.

இனி, அகச்சிவப்பும் வானலையும் சேர்ந்த கலப்பு அமைப்பு. இதில் இரண்டு மரபுகள் உள்ளன; இந்த வேறுபாட்டை விலைப்புள்ளி கேட்பதற்கு முன்பே புரிந்துகொள்ள வேண்டும், ஏனெனில் கட்டட வேலை முழுவதும் இதைப் பொறுத்தே அமைகிறது. பழைய மரபில் டேக் ஒளியை உமிழ்கிறது, கூரையில் இருக்கும் வாங்கி அதைப் பார்க்கிறது; ஆகவே ஒவ்வொரு வாங்கிக்கும் மின்சாரமும் தகவல் கேபிளும் போக வேண்டும், அறைக்கு அறை துளையிட வேண்டும். புதிய மரபில் திசை தலைகீழாகிறது: அறையின் கூரையில் இருக்கும் சிறு உமிழி, ‘இது 312ஆம் அறை’ என்ற எண்ணை அகச்சிவப்பில் இடைவிடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது, டேக் அதைப் பார்த்து, தான் பார்த்த எண்ணையும் தன் எண்ணையும் வானலை வழியே தொலைவில் இருக்கும் வாங்கிக்கு அனுப்புகிறது. உமிழிக்கு யாரோடும் பேச வேண்டிய அவசியம் இல்லாததால், அதைப் பேட்டரியில் இயக்கி, இரண்டு திருகுகளோடு மாட்டிவிடலாம். வானலை வாங்கிகளோ தளத்துக்கு நாலைந்து இருந்தால் போதும். இடத்தைச் சொல்வது ஒளியின் வேலை, சேதியைச் சுமப்பது வானலையின் வேலை என்று வேலை பிரிந்துவிடுவதால், வானலையின் குறை இங்கே குறையாக இருப்பதில்லை.

ஏற்கெனவே நோயாளிகள் தங்கியிருக்கும் மருத்துவமனைக்கு இரண்டாவது மரபே ஏற்றது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. துளையிடும்போது எழும் தூசியில் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்துகள் பரவலாம். எதிர்ப்புச் சக்தி குன்றிய நோயாளிகளுக்கு அது உயிராபத்தாக முடியும். அதனால் நோய்த்தொற்றுத் தடுப்புக் குழுவின் எழுத்துப்பூர்வமான அனுமதியும், பிளாஸ்டிக் திரையும், அறையைக் காலிசெய்து வேலை முடித்தபின் சுத்தப்படுத்தும் நேரமும் ஒவ்வொரு துளைக்கும் தேவைப்படுகின்றன. கேபிள் இழுக்கும் செலவைக் கணக்கிட்ட ஒப்பந்ததாரர் எவரும் ஓர் அறை அரை நாள் காலியாக இருப்பதன் செலவைக் கணக்கில் சேர்க்கவில்லை. அதை நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் கலப்பு அமைப்பைப் புகழ்ந்துவிட்டு அதன் குறைகளை மறைப்பது நியாயமன்று. ஒளியை எது மறைத்தாலும் டேக் குருடாகிவிடும். ஏசி குளிருக்குப் போர்த்திக்கொண்ட நோயாளியின் கைப்பட்டை போர்வைக்குள் போய்விடுகிறது. அடையாள அட்டையோடு தொங்கும் டேக் திரும்பிக்கொண்டு சட்டையைப் பார்க்கிறது. சிஸ்டர்கள் அதைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொள்கிறார்கள். பம்பில் எந்தப் பக்கத்தில் ஒட்டுகிறோம் என்பதும் முக்கியம்: கம்பத்தில் மாட்டும் கொக்கிப் பக்கம் ஒட்டினால் அரை பார்வை போய்விடும். மேற்கு நோக்கிய அறைகளில் பிற்பகல் நான்கு மணி வெயில் ஜன்னல் வழியே நேராக விழும்போது, அதிலுள்ள அகச்சிவப்பு, டேக்கின் உணரியைத் திணறடிக்கிறது; சித்திரை, வைகாசியில் சோதனை செய்யாமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்பது என் வேண்டுகோள். பழைய டியூப் லைட்டுகளின் எலக்ட்ரானிக் சோக்கும் இப்படித் தொல்லை தருவதுண்டு.

கண்ணாடியின் கதை தனி. சாதாரணக் கண்ணாடி அகச்சிவப்பின் இந்தப் பகுதியைத் தடுப்பதில்லை. எங்கள் ஐ.சி.யு.வில் படுக்கைகளைப் பிரிப்பவை கண்ணாடித் தடுப்புகள் என்பதால், நான்காம் படுக்கையின் உமிழி சொன்னதை ஐந்தாம் படுக்கையின் பம்ப் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தது. உமிழியின் ஒளி விழும் கோணத்தைச் சுருக்கியும், கண்ணாடியின் மேற்பகுதியில் பால்நிற ஃபிலிம் ஒட்டியும் ஓரளவு சரிசெய்தோம். முப்பது படுக்கைகள் வரிசையாக இருக்கும் பொது வார்டில் சுவரே இல்லை. அங்கே இந்த அமைப்பு ‘இந்த வார்டு’ என்பதற்கு மேல் எதையும் சொல்லாது, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

மூன்றாவது தேர்வு, வானலை வழியே தன் அடையாள எண்ணைச் சொல்லும், பேட்டரியே இல்லாத ஆர்.எஃப்.ஐ.டி. வில்லை. கார் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக் இதே இனம். படிக்கும் கருவி அனுப்பும் அலையிலிருந்தே ஆற்றலை எடுத்துக்கொண்டு தன் எண்ணைத் திருப்பிச் சொல்லும். ஒரு வில்லையின் விலை மற்ற டேக்குகளோடு ஒப்பிட்டால் சொற்பம், தீர்ந்துபோகப் பேட்டரி இல்லை, சலவைக்குப் போகும் விரிப்பில்கூடத் தைக்கலாம். ஆனால் வானகரம் சுங்கச்சாவடியைத் தாண்டிய வண்டி, சூரப்பட்டுச் சாவடிக்கு இன்னும் வரவில்லை என்றால், அது அம்பத்தூரில் டீ குடித்துக்கொண்டு நிற்கிறதா, ரிப்பேர் ஆகிக் கிடக்கிறதா என்று ஃபாஸ்டேக் சொல்லாது. வாசலைத் தாண்டிய நேரம் மட்டுமே அதற்குத் தெரியும். ஆகவே ‘எங்கே இருக்கிறது’ என்ற கேள்விக்கு இது விடையன்று. ‘வெளியே போய்விட்டதா’ என்ற கேள்விக்கு இதைவிட மலிவான விடை இல்லை. உறவினரைக் கார் வரை தள்ளிக்கொண்டு போகிறவர்கள் வீல் சேரை கேட்டுக்கு வெளியே ஆட்டோ ஸ்டாண்டு பக்கத்திலேயே விட்டுவிட்டுப் போவது எங்கள் அன்றாடப் பிரச்சினை. அதற்கு வாசலில் ஒரு படிப்பான் போதும். உலோகத்தின்மேல் நேரடியாக ஒட்டினால் சாதாரண வில்லை வேலை செய்யாது, அதற்கென்று தடித்த வகை உண்டு, ஆக்சிஜன் சிலிண்டருக்கு அதைத்தான் வாங்க வேண்டும்.

அல்ட்ரா வைட்பேண்ட் என்ற அதிவிரிவு அலைவரிசை அமைப்பு, அலை பயணம் செய்த நேரத்தை அளந்து, ஒன்றிரண்டு சாண் பிழைக்குள் இடத்தைச் சொல்கிறது. ஒளி ஒரு நானோ வினாடியில் 30 சென்டிமீட்டர் போகிறது என்பதை நினைத்தால், அந்த அளவீட்டின் நுட்பத்தை வியக்காமல் இருக்க முடியாது. ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஆள்மேல் மோதாமல் தடுக்க அதை வாங்கலாம். பம்பைத் தேட வாங்குவது கொசுவுக்குக் கோடரி எடுப்பது போன்றது. கேளா ஒலி அமைப்புகள் அகச்சிவப்பைப் போலவே சுவரில் நின்றுவிடும், வெயிலுக்கு அஞ்சாது, போர்வைக்கும் அவ்வளவாக அஞ்சாது. எங்களுக்கு வந்த விலைப்புள்ளி ஒன்றே ஒன்று என்பதால் ஒப்பிட வழியில்லாமல் விட்டுவிட்டோம்.

அலைவரிசை அனுமதி பற்றி ஒரு சொல். வெளிநாட்டிலிருந்து வரும் பட்டியலில் அழகாக அச்சிடப்பட்டிருப்பது எல்லாம் இங்கே பயன்படுத்தத் தக்கதன்று. அமெரிக்காவில் ஆர்.எஃப்.ஐ.டி.க்குரிய 902–928 மெகாஹெர்ட்ஸ் இங்கே அந்த வேலைக்குத் திறந்துவிடப்படவில்லை; அதன் பெரும்பகுதியில் செல்பேசிச் சேவை நடக்கிறது. இந்தியாவில் 2005 முதல் 865–867 மெகாஹெர்ட்ஸில் உரிமம் இல்லாமல் இயங்கலாம். புளூடூத்தும் வைஃபையும் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸும் அப்படியே. உரிமம் வேண்டாம் என்றாலும், கருவிக்கு மத்திய தொலைத்தொடர்புத் துறையில் அலைவரிசைகளைக் கவனிக்கும் டபிள்யூ.பி.சி. பிரிவின் உபகரண வகை ஒப்புதல் இருக்க வேண்டும். அந்தச் சான்றிதழின் நகலைக் கேட்டால் பேச்சை மாற்றும் விற்பனையாளரிடம் நான் பேச்சை முடித்துக்கொண்டேன். அகச்சிவப்பு வெறும் ஒளி என்பதால் அதற்கு அலைவரிசை அனுமதி என்ற கேள்வியே எழுவதில்லை.

மருத்துவர்கள் கேட்ட கேள்வி இதைவிடக் கூர்மையானது: டேக்கின் அலை வென்டிலேட்டரைக் குழப்பாதா? இதை அலட்சியமாக ஒதுக்கக் கூடாது. ஆம்ஸ்டர்டாமில் நடந்து, 2008இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான ஆய்வில், நோயாளிகள் யாரும் இணைக்கப்படாத நிலையில் 41 மருத்துவக் கருவிகளில் 123 சோதனைகள் செய்யப்பட்டன. 34 முறை இடையூறு ஏற்பட்டது, அவற்றில் 22 ஆபத்தானவை என்று வகைப்படுத்தப்பட்டன. இதில் பலரும் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு: பேட்டரி இல்லாத 868 மெகாஹெர்ட்ஸ் அமைப்பே, 125 கிலோஹெர்ட்ஸில் இயங்கிய பேட்டரி டேக் அமைப்பைவிட அதிக இடையூறு செய்தது. வில்லை சாது, அதற்கு ஆற்றல் ஊட்ட வேண்டிய படிப்பான்தான் உரக்கக் கத்துகிறது. ஆகவே வாசல் படிப்பான்களை ஐ.சி.யு.வுக்கும் அறுவை அரங்குக்கும் உள்ளே வைப்பதில்லை என்று முடிவு செய்தோம். எம்.ஆர்.ஐ. அறைக்குள் எந்த டேக்கும் போகக் கூடாது. காந்தம் பேட்டரியைப் பிடித்து இழுக்கும். கைப்பட்டை கட்டும் சிஸ்டருக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததோடு, எம்.ஆர்.ஐ. முன்னறையின் சோதனைப் படிவத்திலும் ஒரு வரி சேர்த்திருக்கிறோம்.

செலவுக் கணக்கில் பேட்டரியை மறப்பவர்கள் பிறகு வருந்துகிறார்கள். ஒரு டேக்கின் பேட்டரி மூன்று ஆண்டு வரும் என்று வைத்துக்கொண்டாலும், 600 டேக்குகள் உள்ள இடத்தில் ஆண்டுக்கு 200, வாரத்துக்கு நான்கு என்று ஓயாமல் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்; அறை உமிழிகளின் பேட்டரி வேறு. 15 வினாடிக்கு ஒருமுறை பேசும் டேக் நாளைக்கு 5,760 முறை பேசுகிறது. மூன்று வினாடிக்கு ஒருமுறை என்று மாற்றினால் அது 28,800 ஆகிவிடும், ஆயுளும் அதற்கேற்பத் தேயும். அசையாதபோது உறங்கி, அசைந்தால் விழிக்கும் உணரி உள்ள டேக்கைத்தான் பம்புக்கு வாங்க வேண்டும். பேட்டரி தீர்ந்த டேக் பொய் சொல்கிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்: அது கடைசியாக இருந்த அறையையே திரை காட்டிக்கொண்டிருக்கும். கடைசியாகக் கேட்ட நேரத்தை இடத்துக்குப் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் காட்டாத மென்பொருளை வாங்கக் கூடாது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் உதிரியாகக் கிடைக்கும் பொத்தான் பேட்டரிகள் மலிவுதான். எந்த ஆண்டுச் சரக்கு என்று தெரியாமல் வாங்கி ஒருமுறை பட்ட பாடு போதும் என்று, இப்போது தேதி அச்சிட்ட பெட்டியாகத்தான் வாங்குகிறோம்.

சென்னைக்கே உரிய சில கவனங்களும் உண்டு. மின்சாரம் போய் ஜெனரேட்டர் எடுக்கும் சில வினாடி இடைவெளியில் வானலை வாங்கிகள் அணைந்து எழுந்தால், எல்லா டேக்குகளும் காணாமல் போனதாக எச்சரிக்கை மணி அடிக்கும். ஆகவே அவற்றுக்குக் கேபிள் வழியே மின்சாரம் தரும் சுவிட்சுகள் யு.பி.எஸ்.ஸில் இருக்க வேண்டும். சர்வரை அடித்தளத்தில் வைக்கலாம் என்று சொன்ன ஒப்பந்ததாரர், 2015 டிசம்பரையும் 2023 மிக்ஜாம் புயலையும் இந்த ஊரில் பார்க்காதவர் போலும். அதை மூன்றாம் தளத்துக்கு மாற்றினோம். எங்கள் பழைய கட்டடம் மெட்ராஸ் டெரஸ் கூரை கொண்டது: தேக்கு உத்தரங்களின்மேல் செங்கல்லைச் சாய்த்து அடுக்கிச் சுண்ணாம்பு பூசியது. அந்தச் செங்கல்லில் துளையிட்டால் அது உதிரும், உத்தரத்தில்தான் திருக வேண்டும். உத்தரமோ அறையின் நடுவில் இருப்பதில்லை. ஒன்றரை அடிச் சுவர்கள் அங்கே வானலையைக்கூட ஓரளவு தடுத்துவிடுவதால், புதிய கட்டடத்தில் தோற்ற சாதாரணப் புளூடூத் பழைய கட்டடத்தில் மரியாதையாகவே நடந்துகொண்டது என்பது நாங்கள் எதிர்பாராத செய்தி.

ஆட்களுக்கு டேக் போடுவதில்தான் எனக்கும் நிர்வாகத்துக்கும் கருத்து வேறுபாடு. ஒவ்வொரு சிஸ்டரும் எந்த அறையில் எத்தனை நிமிடம் இருந்தார் என்ற அறிக்கை கிடைக்கும் என்று ஒரு விற்பனையாளர் அதை ஒரு வசதியாக எடுத்துரைத்தார். அந்த அறிக்கையில் கழிவறையும் ஓர் அறைதான். தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017இல் தீர்ப்பளித்தது. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பணி தொடர்பான சில காரணங்களுக்குத் தகவலைப் பயன்படுத்த நிறுவனத்துக்கு இடம் தருகிறது என்றாலும், இடம் இருக்கிறது என்பதாலேயே எல்லாவற்றையும் திரட்ட வேண்டும் என்பதில்லை. மூத்த சிஸ்டர் ஒருவர் என்னிடம் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது: “பம்ப் தேடத்தானே சார் இது? எங்களைத் தேட இல்லையே?” டேக்கைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொள்வது மறதியால் மட்டும் நடப்பதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம்பிக்கை இல்லாத இடத்தில் அகச்சிவப்பு அமைப்பைத் தோற்கடிக்க ஒரு கைக்குட்டை போதும்.

ஆகவே ஊழியர்களுக்கு, தாக்கப்படும்போது அழுத்த உதவும் அபாயப் பொத்தான் மட்டும் தருகிறோம். அழுத்திய பிறகே அது இடத்தைச் சொல்லும், அதுவரை வாய் திறக்காது. உறவினர்கள் கூட்டமாக வந்து மருத்துவரைச் சூழ்ந்துகொள்ளும் இரவுகளில் ‘எந்த அறை’ என்ற துல்லியத்துக்கு உண்மையான மதிப்பு உண்டு. பிறந்த குழந்தைக்குக் காலில் டேக் கட்டுவது தனிக் கேள்வி. அதே சட்டம் பதினெட்டு வயதுக்கு உட்பட்டோரின் நடமாட்டத்தைக் கண்காணிப்பதைத் தடைசெய்கிறது. 2025இன் விதிகளில் மருத்துவமனைகளுக்கு விலக்கு உண்டு, ஆனால் அது குழந்தையின் உடல்நலத்தைக் காக்கத் தேவையான அளவுக்கே. எங்கள் வழக்கறிஞரின் எழுத்துப்பூர்வமான கருத்து வரும் வரை பிரசவ வார்டுக்கு ஆர்டர் கொடுப்பதை நிறுத்தி வைத்திருக்கிறோம். அங்கே தாய்க்கும் சேய்க்கும் ஒரே எண் கொண்ட பட்டை கட்டும் வழக்கமும், வாசலில் நிற்கும் காவலரும் தொடர்கிறார்கள்.

கலப்பு அமைப்பின் மிகப் பெரிய குறையை இறுதிக்கு வைத்தேன். பேட்டரியற்ற ஆர்.எஃப்.ஐ.டி.யும் புளூடூத்தும் பொதுத் தரங்களைப் பின்பற்றுபவை. இன்று ஒருவரிடமும் நாளை மற்றொருவரிடமும் வாங்கலாம். நாங்கள் பார்த்த கலப்பு அமைப்புகளிலோ, உமிழி அனுப்பும் அறை எண்ணின் மொழி அந்தந்த நிறுவனத்துக்கே சொந்தமானது. வேறொருவரின் டேக் அதைப் புரிந்துகொள்ளாது. பத்தாண்டுகளுக்கு ஒரே கடைக்காரரோடு குடும்பம் நடத்த வேண்டும் என்று பொருள். வானலைப் பகுதிக்குப் புளூடூத்தையே பயன்படுத்தும் கலப்பு அமைப்பைத் தேர்ந்தெடுத்தால், நாளை உறவு முறிந்தாலும் வாங்கிகளாவது நம்மோடு நிற்கும். ஒப்பந்தத்தில் மூன்று சரத்துகளைக் கேட்டு வாங்கினோம்: டேக்கின் விலை ஐந்து ஆண்டுக்கு உயரக் கூடாது, இடத் தகவல் முழுவதும் எங்கள் சர்வரிலேயே இருக்க வேண்டும், தடுப்புச் சுவரை மாற்றிக் கட்டினால் வரைபடத்தை நாங்களே திருத்திக்கொள்ள வசதி வேண்டும். மூன்றாவதற்குத்தான் அதிகம் போராட வேண்டியிருந்தது.

முடிவு இவ்வாறு அமைந்தது. புதிய கட்டடத்தின் மூன்றாம், நான்காம் தளங்களிலும் ஐ.சி.யு.விலும் பம்புகளுக்கும் வென்டிலேட்டர்களுக்கும் பேட்டரி உமிழியோடு கூடிய கலப்பு அமைப்பு. நான்கு வாசல்களில் வீல் சேருக்கும் விரிப்புகளுக்கும் பேட்டரியற்ற வில்லைகள். பழைய கட்டடத்தில் தளம் மட்டும் சொல்லும் புளூடூத். ஏற்புச் சோதனையை நாங்களே வகுத்தோம்: பொதுச் சுவர் கொண்ட ஒவ்வோர் இரட்டை அறையிலும் சுவரின் இரு பக்கமும் ஓரடி தள்ளி டேக்கை வைத்து, பகலில் இருபது முறை, இரவில் இருபது முறை திரையைப் பார்க்க வேண்டும், ஒரு முறை அறை மாறிக் காட்டினாலும் அந்த அறைக்குரிய தொகை நிறுத்தப்படும். விற்பனையாளர் முகம் சுளித்தாலும் ஒப்புக்கொண்டார். இதுவரை பதினோரு அறைகளுக்கான தொகை நிறுத்தப்பட்டிருக்கிறது. அவற்றில் ஏழு அறைகள் மேற்கு ஜன்னல் உள்ளவை.

பீரோவுக்குள் பூட்டிய பம்பை எந்த அமைப்பும் பார்க்காது, ஏனெனில் இரும்புக்குள் ஒளியும் போகாது, வானலையும் ஒழுங்காக வெளியே வராது. ஆனால் கடைசியாக எந்த வார்டில் எத்தனை மணிக்கு அது கண்ணில் பட்டது என்று திரை சொல்கிறது. சாவி யாரிடம் என்று கேட்க அது போதுமானதாக இருக்கிறது.